வண்டி உன்னோடது

குல்ஷாராவுக்கும் எர்மெக்குக்கும் கல்யாணமாகி இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் கண்ணயர்ந்த இரவு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். மனக்கசப்பு ஒன்றும் இல்லை. வேலை அப்படி. கிசிலோர்டாவிலிருந்து அல்மாட்டிக்குப் போய்த் திரும்பும் ரயிலில் ஒரே பெட்டிக்கு அவர்கள் இருவரும் பணியாளர்கள். ஒருவர் விழித்திருந்து பயணிகளைப் பார்த்துக்கொள்ளும்போது மற்றவர் பெட்டியின் முனையிலிருக்கும் சின்ன அறையில் படுத்துக்கொள்ளலாம். அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு பெர்த். ஒருவர் எழுந்த இடத்தின் சூட்டில் இன்னொருவர் படுக்க வேண்டும்.

அந்தச் சூட்டில்தான் அவர்களுக்குப் பழக்கமே உண்டானது. டெப்போவில் இருவரையும் முதன்முதலில் ஒரு பெட்டிக்குப் போட்டபோது குல்ஷாராவுக்கு அந்த மனிதனை ஏறிட்டுப் பார்க்கக்கூட நேரமிருக்கவில்லை. அவன் விட்டுப்போகிறவற்றைத்தான் அவள் பார்த்தாள். தலையணையில் சிகரெட் வாசம். ஜன்னல் விளிம்பில் அவளுக்கென்று துணி மூடி வைத்த பாதி ஆப்பிள். வேலையை ஒப்படைக்கும்போது அவன், "வண்டி உன்னோடது" என்பான். அவள், "தூக்கம் உங்களோடது" என்பாள். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பேச்சு அவ்வளவுதான்.

ஒருநாள் ஊர் திரும்பும் வழியில் துர்கிஸ்தான் நிலையம் தாண்டியதும் அவன் கதவருகே வந்து நின்றான்.

"வண்டி உன்னோடது" என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "வேணும்னா நானும்" என்றான்.

அவள் கலைந்த தலையை அள்ளி முடிந்துகொண்டே, "தூக்கம் உங்களோடது. மத்தது ஷியேலி வந்ததும் சொல்றேன்" என்றாள்.

ஷியேலி வந்தபோது அவன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப மனம் வரவில்லை. கிசிலோர்டா வரும்வரை அந்தப் பதிலை அவள் தன்னிடமே வைத்திருந்தாள்.

புகுந்த வீட்டில் கணவன் பெயரைச் சொல்லக் கூடாது, வேறு பெயர் வைத்துத்தான் கூப்பிட வேண்டும். குல்ஷாரா வைத்த பெயர் 'மாத்தாள்'. அடுத்த முறைக்கு வருகிற ஆள். வீட்டுக்கு யாராவது தேடி வந்தால், "மாத்தாள் சந்தைக்குப் போயிருக்கார், உக்காருங்க" என்பாள். பெயர் வைத்த விதத்தைப் பார்த்து மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவன் அவளைத் தொட்டு எழுப்பியதில்லை. பயணிகளைப் போர்வையின் கால்மாட்டை லேசாக இழுத்து எழுப்புவான். அவளுக்கு மட்டும் பால் ஊற்றிய தேநீரைக் கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்து, கரண்டியை உள்ளே போட்டு, தலைமாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவான். வண்டி ஓடும் ஆட்டத்தில் கரண்டி குவளையில் இடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் அவள் விழித்துக்கொள்வாள்.

"ரெண்டு பேரும் சேந்து தூங்கினதே கிடையாது, பொண்ணு மட்டும் எங்கேருந்துடி வந்துச்சு?" என்று பக்கத்துப் பெட்டி ஸாகிரா கேலி செய்வாள்.

"ஒருநாள் வண்டி ரொம்ப நேரம் சிக்னல்ல நின்னுடுச்சு" என்று எர்மெக் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வான்.

அந்தப் பெண் வளர்ந்து, கல்யாணமாகி, அக்தோபேயில் குடித்தனம் நடத்துகிறாள். வீட்டில் இப்போது இருவர்தான். ஓய்வு நாட்களில் அகலமான கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தால் இருவருக்கும் கண் மூடாது. யாரோ ஒருவர் விழித்திருக்க வேண்டும்போல் இருக்கும். கடைசியில் ஒருவர் எழுந்து சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்த வெளிச்சக் கோடு கதவிடுக்கில் தெரிந்ததும் மற்றவர் தூங்கிவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் புது ரயில் வந்தது.

*

டெப்போவின் துணைத் தலைவர் குவான்திக் ஒரு காலத்தில் இவர்களோடு பெட்டியின் பாய்லருக்குக் கரி அள்ளியவர்தான். பிறகு படித்து, தேர்வு எழுதி, நாற்காலிக்குப் போனார். ஆனாலும் குல்ஷாராவை இன்றும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார். இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, தானே தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"இனிமே கரி கிடையாது எர்மெக். உன் முதுகுக்கு விடுதலை."

"பாய்லரு?"

"பட்டனைத் தட்டினா வெந்நீர் வரும்."

"யார் தட்டறது?"

"பயணியே தட்டிக்குவான்."

"அப்ப நாங்க?"

குவான்திக் தேநீரைக் கலக்கினார். "ரெண்டு பெட்டிக்கு ஒரு ஆள்."

"அப்படின்னா ஒரு பெட்டிக்கு அரை ஆள்" என்றாள் குல்ஷாரா. "எந்த அரை?"

"அது உங்க குடும்ப விவகாரம் அண்ணி."

மூவரும் சிரித்தார்கள். குல்ஷாராவுக்குப் புது ரயிலைப் பிடித்திருந்தது. பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள்: உள்பக்கம் தாழிட்டுக்கொள்ளும் அறைகள், குளிக்க இடம், கைக்குழந்தைக்காரிகளுக்குத் தனி மேஜை. பழைய பெட்டியில் தடுப்பே கிடையாது. ஐம்பது பேருக்கு மேல் ஒருவர் காலை ஒருவர் முகர்ந்துகொண்டு போவார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு இரவெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்த எத்தனையோ இளம்பெண்களை அவள் பார்த்திருக்கிறாள். புது வண்டி வரட்டும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

"நடுவுல நாங்க படுக்கறது எப்போ?" என்று கேட்டாள்.

"ஸ்டேஷன் இல்லாத நேரத்துல கொஞ்சம் கண்ணசரலாம். யாராச்சும் பொத்தானை அமுக்கினா உங்க அறையில மணி அடிக்கும்."

"அப்ப யார் முழிச்சிருப்பா?"

"யாரும் வேணாம். கேமரா இருக்கு."

குல்ஷாரா எர்மெக்கைப் பார்த்தாள். அவன் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, உங்க பேரு உறுதி" என்றார் குவான்திக். "இவனைத்தான் மேல யோசிக்கிறாங்க. பயிற்சியில திரையைத் தொடுடான்னா கதவைத் தட்டற மாதிரி தட்டியிருக்கான். அடுத்த வாரம் வெள்ளோட்டம். நம்ம ஆளுங்க குடும்பத்தோட பயணிகளா வரணும். தொழிற்சாலைக்காரங்களும் வர்றாங்க. எர்மெக், நீ ஒண்ணும் செய்ய வேணாம். போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. பயணி மாதிரி சும்மா வா. புது வண்டி உனக்குப் பழகிடும்னு அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். அண்ணியோட பெட்டிக்கு அடுத்த ரெண்டு பெட்டி உனக்கு. நான் பேசி வாங்கித் தர்றேன்."

"சும்மா இருந்தா வேலை கிடைக்குமா?" என்றான் எர்மெக். "நல்ல காலம்தான்."

வெளியே வந்ததும் குல்ஷாரா சொன்னாள்: "உங்களுக்குக் கிடைக்கலன்னா நானும் ஏற மாட்டேன்."

"பைத்தியமா நீ?"

"ரெண்டு பெட்டியையும் யாருமே பாக்காம விட்டுட்டு என்னால கண்ணை மூட முடியாது. நீங்க அந்தப் பக்கம் முழிச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கமே வரும். இது உங்களுக்குத் தெரியாததா?"

அவனுக்குத் தெரியும். அவனுக்கும் அப்படித்தான்.

*

வெள்ளோட்டத்தன்று சாயங்காலம் இருவரும் ஊருக்குப் போகிறவர்களைப்போல் உடுத்திக்கொண்டு போனார்கள். எர்மெக் சீருடை இல்லாமல் வண்டி ஏறுவது ரயிலிலேயே போன அவர்கள் கல்யாண ஊர்வலத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. வாசலில் நின்று டிக்கெட் பார்த்தவள் இன்ஜு. புதிதாகச் சேர்ந்தவள், ஒல்லி, சீருடையின் தோள்பட்டை அவள் தோளைவிடப் பெரிதாக இருந்தது. அந்தப் பெட்டியும் அடுத்த பெட்டியும் அவள் பொறுப்பு.

"வாங்க அண்ணே, வாங்க அக்கா. பையைக் கொடுங்க."

"நானே கொண்டுபோறேன்" என்ற எர்மெக், பழக்கத்தில் வேறொரு பயணியின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டான். குல்ஷாரா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பயணி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

இருவர் அறை. வெள்ளை வெளேரென்ற விரிப்பு. வீட்டில் பொரித்துக் கொண்டுவந்த பவுர்சாக் மாவு உருண்டைகளைத் தின்றுகொண்டு ஜன்னலில் பார்த்தார்கள். வெட்டவெளி மெதுவாக மங்கியது. பனி உருகித் தேங்கிய குட்டைகளில் மட்டும் கொஞ்ச நேரம் வானம் மிச்சமிருந்தது. வண்டி ஓடுவதே தெரியவில்லை. தண்டவாள இணைப்புகளின் தடதடப்பு இல்லை. மேஜையில் குவளைக்குள் போட்ட கரண்டி அசையாமல் சாய்ந்து கிடந்தது. எர்மெக் அதை ஒரு விரலால் தட்டிப் பார்த்தான்.

"செத்துப்போச்சு" என்றான்.

"சும்மா இருங்க."

"சும்மாதானே இருக்கச் சொன்னாங்க. இருக்கேன்."

படுத்தார்கள். ஆளுக்கொரு பெர்த், எதிரெதிரே. இருட்டில் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள். இரண்டுமே விழித்திருக்கிறவர்களின் மூச்சு. ஒருவர் புரண்டால் மற்றவரும் புரண்டார். விடியலுக்குக் கொஞ்சம் முன்னால் அவன் எழுந்து செருப்பைத் தேடினான்.

"எங்கே?"

"நடைபாதையில நின்னுட்டு வர்றேன். நீ தூங்கு."

கதவு மூடியது. அவன் வெளியே நின்றுகொண்டிருக்கிறான் என்று தெரிந்த அந்தக் கணமே அவள் தூங்கிப்போனாள்.

*

கதவு தட்டும் சத்தம். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, பிறகு ஒரு தட்டு. கூடவே பழகிய குரல்:

"எந்திரிங்க, எந்திரிங்க! முகம் கழுவறவங்க சீக்கிரம் கழுவிக்கோங்க, கழிவறை பூட்டப் போறேன்! விரிப்பு, தலையணை உறை எல்லாம் மடிச்சுக் கொடுங்க!"

குல்ஷாரா கண்ணைத் திறக்காமலே எழுந்து உட்கார்ந்தாள். தலையணை உறையை உருவினாள். விரிப்பை நாலாக மடித்தாள். எதிர்ப் பெர்த்தின் விரிப்பையும் மடித்து, போர்வையைச் சுருட்டி, எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு கதவைத் திறந்தபோதுதான் அவள் பார்வை சுவரிலிருந்த திரையில் விழுந்தது. அல்மாட்டிக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. அப்போதுதான் விழிப்பு முழுதாக வந்தது.

பழைய பெட்டிகளில் கழிவறைத் தண்ணீர் நேராகத் தண்டவாளத்தில் விழும். அதனால் ஊர் நெருங்குவதற்கு வெகு முன்பே பூட்டிவிட வேண்டும். ஒடார் நிலையம் கடந்ததும் அல்மாட்டிப் பயணிகளை எழுப்பி, கழுவ வைத்து, விரிப்புகளைத் திரும்ப வாங்கி எண்ணிக் கட்டிவிட வேண்டும். எர்மெக்கின் கை கால்கள் இத்தனை வருடம் செய்தது அது. புது வண்டியில் எல்லாம் தொட்டியில் சேருகிறது. கழிவறைகளைப் பூட்டவே வேண்டாம். விரிப்புகளைச் சலவைக்காரர்கள் அல்மாட்டியில் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

நடைபாதையில் நீளமாக ஒரு வரிசை நின்றது. தோளில் துண்டு, கையில் சோப்பு, காலில் மாற்றிப் போட்ட செருப்பு. எல்லோரும் ரயில்வேக்காரர்கள், ரயில்வேக்காரர் வீட்டுக்காரர்கள். ஒருவருக்குக்கூட இது எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்திருந்த பொறியாளர் அம்மாள் ஒருத்திதான், விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரிடம் கொடுக்க வேண்டும்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வரிசையில் மூன்றாவது ஆளாக, பனியனோடு, வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு நின்றவர் குவான்திக்.

அவரும் திரையைப் பார்த்தார். பிரஷ் வாயிலேயே நின்றது.

"யாருடா எழுப்பினது?"

எர்மெக் கை நிறைய விரிப்போடு அந்தப் பக்கத்திலிருந்து வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் குல்ஷாராவுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கும் இப்போதுதான் விழிப்பு வந்திருக்கிறது.

"பிரஷ்ஷை எடுத்துட்டுத் திட்டுங்க கொழுந்தனாரே" என்றாள் அவள். வரிசை குபீரென்று சிரித்தது. பொறியாளர் அம்மாளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். சிரிக்காதவர் குவான்திக் ஒருவர்தான். விருந்தாளிகள் முன்னால் பனியனோடு நின்ற ஒரு மனிதருக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வராது.

"இன்ஜு எங்கே? பெட்டிக்குப் பொறுப்பு அவதானே?"

பணியாளர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. குல்ஷாரா அதற்கு எதிரேதான் நின்றாள். உள்ளே இன்ஜு நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கழுத்து ஒடிந்ததுபோல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மேல் எர்மெக்கின் கோட்டு போர்த்தியிருந்தது. அவள் தலைக்கு மேல் ஏதோ ஒரு அறையின் அழைப்பு விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. மணியும் அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

குல்ஷாரா வாயைத் திறந்தாள். எர்மெக் அவள் காலை மிதித்தான்.

"நான்தான் அந்தப் பொண்ணைப் போய் உக்காரச் சொன்னேன்" என்றான். "நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். பழக்கதோஷம் குவான்திக்."

சொல்லிக்கொண்டே விரிப்புகளை ஒரு கைக்கு மாற்றி, மறுகையை முதுகுக்குப் பின்னால் விட்டுப் பணியாளர் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

*

அல்மாட்டி நடைமேடையில் குவான்திக் கோபம் தணிந்துதான் பேசினார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான்டா உனக்கு வெச்ச பரீட்சை."

"தெரியும்."

"இனிமே நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உனக்காகப் பேசறது? கிசிலோர்டாவுல விரிப்புக் கிடங்குக்கு ஆள் வேணும். உனக்குத்தான் விரிப்பு வாங்கறதுல அவ்வளவு ஆசையாச்சே. எடுத்துக்கோ." பிறகு குல்ஷாராவிடம் திரும்பினார். "அண்ணி, உங்க இடம் அப்படியேதான் இருக்கு. நாளைக்குக் காலையில ஊர் போய்ச் சேர்ந்ததும் எனக்குப் பதில் வேணும்."

பகல் முழுக்க நிலையத்துக்கு எதிரே ஒரு பூங்காப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்து மலைகளில் பனி கண்ணைக் கூசச் செய்தது. குல்ஷாரா கடைசியில் வெடித்தாள்.

"அவ தூங்கினா அது அவ பாடு. உங்களுக்கென்ன? எழுப்பிவிட்டிருக்கலாமே?"

"எழுப்பப் போனேன். போன உடனே அந்த மூஞ்சியைப் பாத்தேன்."

"அழகா இருந்துச்சோ?"

"எச்சில் ஒழுகிக்கிட்டு இருந்துச்சு" என்றான். "நம்ம முதல் குளிர்காலத்துல நீ பாய்லர் பக்கத்துல நின்னுக்கிட்டே தூங்குவியே, அந்த மாதிரி."

"எனக்கு நீங்க இருந்தீங்க."

"அவளுக்கு யாரு இருக்கா?"

அவள் கோபம் போக இடமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நான் ஏறப் போறதில்ல" என்றாள். "எனக்குத் தூக்கம் வராது. தூங்காமக் கிடந்து ஒருநாள் நானும் அவள மாதிரி நாற்காலியில விழுந்து கிடப்பேன். மேல கோட்டுப் போத்தறதுக்கு யாரும் இருக்க மாட்டாங்க."

எர்மெக் பையிலிருந்த கடைசி பவுர்சாக்கை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவளிடம் கொடுத்தான்.

*

திரும்பும் வண்டியிலும் அதே பெட்டி, அதே அறை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் இன்ஜு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. தூங்கிய வீக்கமா அழுத வீக்கமா என்று தெரியவில்லை.

"அண்ணே, நான் போய் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னா?" என்றான் எர்மெக். "வரிசையில நிக்க வெச்சது நான்தானே? அது மாறவா போகுது? உன் வேலையும் சேந்து போகும். ஒரு ஆளு போனது போதும்."

"அப்போ உங்களுக்கு நான் என்னதான் செய்யறது?"

"முழிச்சிரு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது. "பகல் முழுக்கத் தூங்கிட்டேன் அண்ணே. இன்னைக்கு ஊர் போற வரைக்கும் கண்ணை மூட மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்குங்க."

"ம், பாப்போம்" என்றாள் குல்ஷாரா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

எர்மெக் எழுந்து நின்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். வேலையை ஒப்படைக்கும்போது எப்போதும் நிற்பதுபோல் நின்று, "வண்டி உன்னோடது" என்றான்.

குல்ஷாராவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவன் வேறு யாரிடமும் சொல்லி அவள் கேட்டதில்லை. இன்ஜு என்ன சொல்வதென்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பதில் வராமல் அந்த வார்த்தை அறை நடுவே அப்படியே நின்றது. எர்மெக்கும் உட்காராமல் நின்றான். அவனை அப்படி நிற்க விட குல்ஷாராவால் முடியவில்லை.

"'தூக்கம் உங்களோடது'ன்னு சொல்லணும்" என்றாள் மெல்ல.

"தூக்கம் உங்களோடது" என்றாள் இன்ஜு. ஏதோ யோசித்துவிட்டு, "ரெண்டு பேரோடதும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவள் கிளம்பியதும் எர்மெக் கூடவே வாசல்வரை போய் அவளிடம் ஏதோ கிசுகிசுத்துவிட்டு வந்தான். என்ன என்று குல்ஷாரா கேட்கவில்லை. விளக்கை அணைத்தார்கள். நடைபாதையில் இன்ஜுவின் காலடி இந்தக் கோடிக்குப் போனது, அந்தக் கோடிக்குப் போனது. ஒரு குழந்தை அழுதது, அவள் குரல் கேட்டது, குழந்தை அடங்கியது. குல்ஷாரா அதைக் காவல் காக்கிறவளைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது நிற்கும், இதோ நாற்காலியில் உட்காரப் போகிறாள் என்று எதிர்பார்த்தாள். காலடி நிற்கவில்லை. மறுபடி இந்தப் பக்கம் வந்தது.

*

கரண்டிச் சத்தம் கேட்டது.

கண்ணாடியில் கரண்டி இடிக்கும் அந்தச் சத்தத்துக்குக் குல்ஷாரா கண்ணைத் திறக்காமலே, "எந்திரிச்சுட்டேன், நீங்க படுங்க" என்றாள். பிறகு ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றிக் கண்ணைத் திறந்தாள்.

அறை முழுக்க வெயில். மேஜையில் இரண்டு குவளைகளில் பால் தேநீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. புது வண்டியில் கரண்டி தானாக அடிக்காது. இன்ஜு குனிந்து நின்று, ஒரு குவளைக்குள் கரண்டியை விட்டு, கையாலேயே இடித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப் பெர்த்தில் எர்மெக் வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை தரையில் தொங்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

குல்ஷாரா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் தூங்கி அவள் பார்க்காததில்லை; வேலை முடிந்து அறைக்கு வரும்போதெல்லாம் பார்ப்பாள். ஆனால் தன் கன்னத்திலும் தலையணை மடிப்பின் தடம் பதிந்திருக்க, அவனை இப்படிப் பார்த்ததில்லை. இருவரும் தூங்கியிருக்கிறார்கள். வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஷியேலி தாண்டியாச்சு அக்கா" என்றாள் இன்ஜு கிசுகிசுப்பாக. "இப்படித்தான் எழுப்பணும்னு அண்ணன் சொல்லிக் கொடுத்தாரு." கண்கள் சிவந்து, உதடு வறண்டிருந்தாள். "நான் தூங்கல."

"தெரியும்."

"எப்படிக்கா தெரியும்?"

"நான் தூங்கினேனே" என்றாள் குல்ஷாரா.

எட்டி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஒரு குவளையை அவளிடம் கொடுத்தாள். அது எர்மெக்குடையது. அவனை எழுப்பவில்லை. ஊர் வரும்வரை எழுப்பவேயில்லை.

*

"என்ன அண்ணி?" என்றார் குவான்திக், கிசிலோர்டா நடைமேடையில்.

"ஏறுறேன்."

எர்மெக் பைகளைத் தூக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆனா எனக்கு அடுத்த ரெண்டு பெட்டிக்கு அந்தப் பொண்ணைப் போடுங்க. நாங்க ரெண்டு பேரும் நாலு பெட்டியையும் மாத்தி மாத்திப் பாத்துக்கறோம். அவ முழிச்சிருக்கும்போது நான் தூங்குவேன். நான் முழிச்சிருக்கும்போது அவ தூங்கட்டும்."

"அண்ணி, விதியில அப்படியெல்லாம் இல்ல."

"கழிவறை பூட்டறதுகூடத்தான் விதியில இல்ல. நீங்க மூணாவது ஆளா வரிசையில நின்னீங்களே."

குவான்திக் சுற்றிலும் பார்த்தார். விருந்தாளிகள் யாரும் பக்கத்தில் இல்லை. இப்போது சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பனியனைப் பத்தி மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க" என்றார்.

வீடு வந்து கதவைத் திறக்கும்போது எர்மெக், "மாத்தாளை மாத்திட்டே" என்றான்.

"உங்களுக்குக் கோபமா?"

"இல்ல. அந்தப் பொண்ணு சர்க்கரை அதிகமாப் போடறா. சொல்லி வை."

"நீங்க எப்பக் குடிச்சீங்க?"

"நீ வெச்ச மிச்சத்தை."

அன்றிரவு அவர்கள் அகலக் கட்டிலில் படுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் குல்ஷாரா எழுந்து உட்கார்ந்தாள். எர்மெக்கும் எழுந்து உட்கார்ந்தான். இருவரும் சமையலறைக்கே போய் அரட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஒரே நாளில் வந்துவிடாது.

புது ரயில் முறையாக ஓடத் தொடங்கிய நாள் சாயங்காலம், கிடங்கின் தள்ளுவண்டியில் வெள்ளை மூட்டைகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு எர்மெக் நடைமேடைக்கு வந்தான். குல்ஷாரா புதுச் சீருடையில் வாசலில் நின்றாள். அடுத்த பெட்டி வாசலில் இன்ஜு, தோள்பட்டையை ஊசி குத்திச் சரிசெய்துகொண்டு நின்றிருந்தாள். எர்மெக் மூட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்தான். கடைசி மூட்டையைக் கொடுத்துவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"வண்டி உன்னோடது."

"தூக்கம் உங்களோடது" என்றாள். பிறகு, "மத்தது?" என்று கேட்டாள்.

"போயிட்டு வா. சொல்றேன்."

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. ஆகவே அது நகர்வதை நடைமேடை பின்னால் போவதைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள். கண்ணாடி வழியே அவன் தெரிந்தான். காலித் தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டு, கையை அசைக்க மறந்து, வாயை மூடக்கூடத் தோன்றாமல், ஒரு பெரிய கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.